கோஸ்டா ரிக்காவில் ஒரு செமஸ்டர் களப்படிப்பு: போகலாமா, போனால் எதைப் பார்க்கணும்?

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் அறிவியல்ல முதுகலை முடிக்கப்போறேன். ஊர் தஞ்சாவூர் பக்கம், அப்பா நெல் விவசாயம். கோஸ்டா ரிக்காவில ஒரு செமஸ்டர் களப்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. வகுப்பறை கிடையாது, நாடு முழுக்கப் பயணம் செஞ்சுக்கிட்டே படிக்கிறது. மாண்டேவெர்டே மேகக்காடு, லா செல்வா ஆய்வு நிலையம், டோர்ட்டுகேரோ கடற்கரையில ஆமை, குவானகாஸ்டே வறண்ட காடு, கடைசியா சான் ஹோசேயில கருத்தரங்கு. இதுதான் அவங்க அனுப்பின நிரல்.

கட்டணத்துல பாதிக்கு உதவித்தொகை உண்டு. மீதிக்கு நிலத்து மேல கடன் வாங்கலாம்னு அப்பா சொல்றார். அதுதான் மனசை உறுத்துது.

போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. உண்மையிலேயே ஏதாவது கத்துக்க முடியுமா, இல்ல பேரு மட்டும் படிப்பா இருக்கிற சுற்றுலாவா? எனக்கு ஸ்பானிஷ் சுத்தமா தெரியாது.

---

மழைக்காடன்:

வாழ்த்துகள் தங்கச்சி. நான் அங்கே துர்ரியால்பாவில் உள்ள கேட்டியேவில் படித்தவன். வெப்பமண்டல வேளாண்மைக்கும் காட்டியலுக்கும் அந்தப் பகுதியில் பழைய, மதிப்புள்ள நிறுவனம் அது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஏன் எல்லாரும் அந்தச் சின்ன நாட்டுக்கே ஓடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள். 51,100 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. 1940களில் பெரும்பகுதி காடு. 1980களுக்குள் கால்வாசி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்று மறுபடியும் பாதிக்கு மேல் காடு. அழித்த காட்டை ஒரு தலைமுறைக்குள் திரும்பப் பெற்ற வெப்பமண்டல நாடுகள் மிகக் குறைவு.

காடு ஏன் அழிந்தது என்பதைத்தான் முதலில் படிக்கணும். அப்போதைய நிலச் சட்டத்தில் காட்டை வெட்டினால் அது நிலத்தை 'மேம்படுத்தியது' என்று கணக்கு. வெட்டினவனுக்குப் பட்டா எளிதாகக் கிடைத்தது. மாடு வளர்க்க வங்கிக் கடன் கிடைத்தது. மாட்டிறைச்சியை அமெரிக்கா வாங்கிக்கொண்டது. மரத்தை நிற்க வைத்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆக, கோடரி பிடித்தவன் கையைவிட அந்தச் சட்டத்துக்கும் கடனுக்கும்தான் அதில் பங்கு அதிகம். 1980களில் இறைச்சி விலை சரிந்தது, கடனும் வற்றியது. பல இடங்களில் மேய்ச்சல் நிலம் கைவிடப்பட்டு, அதில் காடு தானாக முளைக்க ஆரம்பித்தது.

அப்புறம்தான் 1996இல் 7575ஆம் எண் வனச் சட்டம் வந்தது. காட்டை வேறு பயனுக்கு மாற்றத் தடை. கூடவே, காட்டை வைத்திருப்பவருக்குப் பணம். நீரைக் காப்பது, கரிமத்தைப் பிடித்து வைப்பது, உயிரினங்களைக் காப்பது, கண்ணுக்கு அழகாக இருப்பது என நான்கையும் 'சேவை' என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஃபோனாஃபிஃபோ என்ற அரசு நிதியம் பணம் தரும். அதில் பெரும்பங்கு எரிபொருள் மீதான வரியிலிருந்து வருகிறது. பெட்ரோல் போடுகிறவர் காட்டுக்காரருக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்.

உன் கேள்விக்கு வருகிறேன். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். களத்துக்குப் போனால்தான் தெரிகிற விஷயம் வேறு. நான் ஆய்வுக்காகப் போன ஒரு சிறு பண்ணை வீட்டில், அந்த அம்மா தகர அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். நில வரைபடம், பட்டா நகல், வனப் பொறியாளர் போட்ட மேலாண்மைத் திட்டம், அவருக்குக் கொடுத்த கட்டண ரசீது, எல்லாம் நெகிழித்தாளில். அவருக்கு இருந்த காடு சில ஹெக்டேர்தான். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 64 டாலர் என்பது பல ஆய்வுகளில் வரும் தொகை. கையில் பேனாவை வைத்துக்கொண்டு பொறியாளருக்குப் போனது எவ்வளவு, பேருந்துக்குப் போனது எவ்வளவு என்று கழித்துக் காட்டினார். பட்டா தெளிவாக இல்லாத அவருடைய தங்கைக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. திட்டத்தின் பலமும் ஓட்டையும் அந்த மேசையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

தொடக்க ஆண்டுகளில் பணம் வாங்கிய காடுகளில் பெரும்பகுதி, பணம் தராவிட்டாலும் வெட்டப்பட்டிருக்காது என்று சொல்லும் பொருளியல் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் போ. அங்கே போய் அந்த வாதத்தை ஒரு காட்டுக்காரரிடம் சொல்லிப் பார். அவர் சொல்லும் பதில்தான் உன் படிப்பு.

உன் நிரலைப் பார்த்தால் எல்லாம் காடும் ஆமையும்தான். அன்னாசித் தோட்டம் எங்கே? வாழைத் தோட்டம் எங்கே? அதை அவர்களிடம் கேள்.

---

கணக்கன்:

நான் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர். எனக்கு இரண்டு ஆட்சேபம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, சென்னையிலிருந்து மத்திய அமெரிக்காவுக்குப் போய்வர ஒருவர் தலைக்குப் பல டன் கரியமில வாயு வெளியாகும். நம் ஊர்க் குடும்பங்களில் பல, ஆண்டு முழுவதும் அவ்வளவு வெளியிடுவதில்லை. நிலைத்தன்மையைப் படிக்க அவ்வளவு எரிபொருளை எரிக்க வேண்டுமா?

இரண்டு, விவசாயி நிலத்தின் மேல் கடன். அம்மா, இதை நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். ஆனைமலையிலேயே காடு மீட்பு வேலை நடக்கிறது. பேருந்துக் கட்டணத்தில் போய் வரலாம்.

---

ஆனைமலைச்சோலை:

வால்பாறையில காடு மீட்பு நாற்றங்காலில வேலை செய்யறேன், அதனால உள்ளே வரேன்.

கணக்கன் சார் சொன்னது பாதி சரி. இங்க தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவுல துண்டு துண்டா மழைக்காடு நிக்குது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2000க்குப் பக்கத்துல இருந்து தோட்டக் கம்பெனிகளோட பேசி அந்தத் துண்டுகளை மீட்டுக்கிட்டு வருது. எங்க வேலை என்னன்னா, காட்டோரச் சாலையில விழுந்து கிடக்கிற விதையைப் பொறுக்கணும், காட்டுக்குள்ள இருந்து எடுக்கக் கூடாது. நாங்கு, வெடிப்பலா, கருங்குங்கிலியம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். சிலது பத்து நாள் விட்டா முளைப்புத் திறனே போயிடும். சிலது மாசக்கணக்குல மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும், செத்துப்போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடக் கூடாது. தென்மேற்குப் பருவமழை பிடிச்ச பிறகுதான் நடவு. அதுக்கு முன்னாடி உண்ணிச்செடியை வேரோட எடுக்கணும். முள்ளு கையைக் கிழிக்கும். வேரை அரைகுறையா விட்டா அடுத்த மழைக்கே திரும்ப வந்துரும். எடுக்கும்போது அதுக்கடியில தானா முளைச்ச காட்டுக் கன்னு இருந்தா அதை மிதிக்காம விடணும். புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லித் தரத்தான் ரொம்ப நாள் ஆகும்.

இதெல்லாம் இங்கேயே கத்துக்கலாம். ஆனா குவானகாஸ்டேயில வறண்ட காட்டை மீட்ட டேனியல் ஜான்ஸன், வின்னி ஹால்வாக்ஸ்னு ரெண்டு அமெரிக்கச் சூழலியலாளர்கள் செஞ்ச வேலையைப் பத்திப் படிச்ச பிறகு எனக்கு நம்ம ஊரே வேற மாதிரி தெரிஞ்சுது. நம்ம ஊர் ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரம் அந்தப் பக்கத்து மரம். கொடுக்காப்புளியும் அப்படித்தான். இங்க நாங்க பிடுங்கிப் போடற உண்ணிச்செடிக்கும் தாய்வீடு அமெரிக்க வெப்பமண்டலம். வெண்ணாற்றங்கரை, உங்க அப்பா வரப்புல பசுந்தாளுக்கு கிளைரிசிடியா வச்சிருந்தா கேட்டுப் பாருங்க, அதுவும் அங்க இருந்து வந்ததுதான். அங்க அதை வேலிக்கு நடுவாங்க. அதே சமயம் அங்க காட்டைத் தின்னது ஆப்பிரிக்காவுல இருந்து மேய்ச்சலுக்குக் கொண்டுவந்த ஹராகுவா புல்லு. வெயில் காலத்துல தீ வச்சா ஆள் உயரத்துக்கு எரியும், கன்னு எதுவும் தப்பாது. அவங்க முதல் வேலையா தீயை நிறுத்தினாங்க. நடவு பெருசா இல்ல. தீ நின்னதும் காத்துல பறக்கிற விதையும், மாடு குதிரை தின்னு போடற விதையும் சேர்ந்து காட்டைக் கொண்டுவந்துருச்சு. எங்க மழைக்காட்டுல அது நடக்காது, இங்க பெரிய விதையை இருவாச்சி மாதிரிப் பறவை கொண்டுபோகணும், இல்லன்னா நாங்க நடணும். எந்தக் காட்டுக்கு எந்த வைத்தியம்னு ரெண்டையும் பார்த்தவங்களுக்குத்தான் பிடிபடும்.

---

ஸ்கார்பரோ தர்ஷி:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோ. யோர்க் பல்கலைக்கழகத்துக்கு கோஸ்டா ரிக்காவின்ர தெற்கில லாஸ் நூபெஸ் எண்டு ஒரு காடும் வளாகமும் இருக்கு. 1998இல ஒரு மருத்துவர் நன்கொடையாக் குடுத்த காடு. அங்க படிக்கப் போனனான்.

மொழியைப் பற்றிக் கேட்டீங்கள் தங்கச்சி. ஸ்பானிஷ் இல்லாமல் போகாதைங்கோ. போகலாம், ஆனால் மொழிபெயர்க்கிற ஆள் சொல்லுறதைத்தான் கேட்டுக்கொண்டு வருவீங்கள். நான் போக முதல் கொஞ்சம் படிச்சதாலதான் வீட்டுக்கார அம்மாவோட குசினியில இருந்து கதைக்க முடிஞ்சது. காலமை சோறும் கறுப்பு அவரையும் பிரட்டின கல்லோ பிந்தோ, பிறகு துணிப்பையில ஊத்தி வடிக்கிற கோப்பி. அந்த நேரத்திலதான் ஊர்க்கதை முழுக்க வரும். ஆர் காணி வித்தது, ஆர் கோப்பியை விட்டிட்டு வேற வேலைக்குப் போனது எண்டு.

கோப்பி பறிக்கிற காலத்தில போனால் கட்டாயம் ஒருநாள் கூடையை இடுப்பில கட்டிக்கொண்டு பறிச்சுப் பாருங்கோ. கஹுவேலா எண்டு ஒரு பெட்டி அளவு, அதால அளந்துதான் கூலி. பறிக்கிற ஆக்களில கனபேர் நிகராகுவாவில இருந்து வாறவை, இல்லாட்டி பனாமாப் பக்கத்து ங்கோபெ பழங்குடியினர். குடும்பமா வருவினம், பிள்ளையளும் கூட. 'நிழலில வளர்ந்த, பறவைக்கு நல்ல கோப்பி' எண்டு கடையில ஒட்டியிருக்கிற சிட்டையில அவையின்ர பேர் இல்லை. என்ர கட்டுரையை நான் அதைப் பற்றித்தான் எழுதினனான். காட்டைப் பற்றி எழுதத்தான் போனனான், ஆனால் அங்க இருந்து பார்க்கேக்க ஆக்களை விட்டிட்டு எழுத மனம் வரேல்லை. என்ர அம்மம்மா குடும்பமும் ஒருக்கா இடம்பெயர்ந்து வேற ஆக்களின்ர தோட்டத்தில கூலிக்கு நிண்டது.

மற்றது, ரப்பர் பூட்ஸ். முழங்கால் வரைக்கும். தெர்ஸியோபெலோ எண்ட விரியன் இலைச் சருகுக்குள்ள கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மரத்தில கை வைக்க முதல் பார்க்க வேணும், பாலா எறும்பு கடிச்சால் ஒரு நாள் முழுக்க வலி.

---

மழைக்காடன்:

தர்ஷி சொன்னதைக் கேட்டுக்கொள். பூட்ஸை இந்தியாவிலிருந்து சுமந்து போகாதே, அங்கே எல்லாச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

கணக்கன் ஐயா சொன்ன கரிமக் கணக்குக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதனால்தான் சொல்கிறேன், போனால் நீண்ட காலம் இரு, ஒரே இடத்தில் இரு. இரண்டு வாரச் சுற்றுக்கு அந்த விமானம் தகாது.

அன்னாசியைப் பற்றிச் சொல்ல வந்தேன். புதிய அன்னாசி ஏற்றுமதியில் உலகில் முதலிடம் கோஸ்டா ரிக்காவுக்கு. நாட்டின் வடக்கிலும் கரீபியன் பக்கத்திலும் பேருந்தில் போனால் மணிக்கணக்கில் அன்னாசிதான். ஸிகிர்ரெஸ் பகுதியில் சில ஊர்களின் குடிநீரில் புரோமாசில் என்ற களைக்கொல்லி கலந்தது. 2007 முதல் லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். மழை பெய்து கொட்டுகிற ஊரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்தை நாடு தடை செய்தது 2017இல். பத்து வருஷம்! 'பசுமை நாடு' என்ற பெயரும் அந்த லாரியும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில். அறுவடைக்குப் பிறகு அழுகும் அன்னாசித் தட்டையில் ஒரு வகைக் கடி ஈ பெருகி, பக்கத்துப் பண்ணை மாடுகளை மொய்க்கும். மாடு மேயாமல் இளைத்துப்போகும். இதை எந்தக் காட்டுப் பாதையிலும் பார்க்க முடியாது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். 1990களின் பிற்பகுதியில் குவானகாஸ்டேயில் டெல் ஓரோ என்ற ஆரஞ்சுச் சாறு நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம். நிறுவனம் தன்னிடம் இருந்த காட்டைப் பாதுகாப்புப் பகுதிக்குக் கொடுக்கும், பதிலுக்குப் பிழிந்த ஆரஞ்சுத் தோலைப் பாழான மேய்ச்சல் நிலத்தில் கொட்டிக்கொள்ளலாம். 12,000 டன் தோல், சுமார் 3 ஹெக்டேரில். அந்தத் தோல்மேடு ஹராகுவா புல்லை மூச்சு முட்ட அமுக்கியது, ஈக்களின் புழுக்கள் தோலைத் தின்று கறுப்பு மண்ணாக்கின. ஒரு போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2013இல் பிரின்ஸ்டன் ஆய்வு மாணவர் ஒருவர் தேடிப் போனபோது இடத்தைக் குறிக்க வைத்திருந்த பலகையே கொடிக்குள் புதைந்து கிடந்தது. தோல் கொட்டிய பக்கத்தில் மரங்களின் உயிர்நிறை, அதாவது மொத்த எடை, கொட்டாத பக்கத்தைவிட 176 சதவீதம் அதிகம் என்று 2017இல் வெளியிட்டார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு காடு, அந்தப் பக்கம் புல்லுக்கு நடுவே சில மரங்கள். உன் நிரலில் குவானகாஸ்டே இருக்கிறது, அந்தச் சாலையில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல். சுற்றுச்சூழல் கழிவுச் சட்டம், போட்டி வணிகம், மண், ஈ, நீதிமன்றம் எல்லாம் அந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

மாண்டேவெர்டே போகும்போதும் ஒன்று. அங்கே மட்டுமே வாழ்ந்த பொன்தேரையைக் கடைசியாகப் பார்த்தது 1989இல், அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. அங்கே மேகம் படியும் உயரம் மேலேறுவதைப் பற்றிய 1999 ஆய்வுக்கு அடிப்படையாக இருந்ததில், அங்கே குடியேறிய குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பண்ணைக்காரர் ஒருவர் நாள் தவறாமல் எழுதிவைத்த மழைக் கணக்கும் உண்டு. கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர்களில் ஒன்று. தஞ்சாவூரில் அப்பாவிடம் அப்படி ஏதாவது நோட்டு இருந்தால் பத்திரப்படுத்து.

---

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. மழைக்காடன் அண்ணா சொன்ன மாதிரி நடத்துறவங்களுக்கு மடல் போட்டேன். 'அன்னாசித் தோட்டத்துக்கும் ஒரு நாள் உண்டு'ன்னு பதில் வந்துது. என்னன்னு கேட்டா, கம்பெனி வழிகாட்டி டிராக்டர் வண்டியில கூட்டிட்டுப் போய், கடைசியில பழமும் சாறும் தர்ற சுற்றுலா. தண்ணீர்ப் பிரச்சினை உள்ள ஊர்க்காரங்களைச் சந்திக்கலாமான்னு கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல.

அப்பாகிட்ட கிளைரிசிடியா பத்திச் சொன்னேன். 'நம்ம வரப்புல இருக்கிறது அவ்வளவு தூரத்துச் செடியா'ன்னு ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு இருந்தார். கடனைப் பத்தி மட்டும் பிடிவாதமா இருக்கார்.

---

கணக்கன்:

அந்தப் பிடிவாதத்துக்கு நீ தலையாட்டாதே அம்மா. மகசூல் ஒரு வருஷம் பொய்த்தால் வட்டி நிலத்தைத் தின்றுவிடும். நான் பணியில் இருந்த காலத்தில் என் மாணவர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். இடத்தை ஒரு ஆண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேள். முழு உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பி. பயணத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் போவதென்றால் கடனில்லாமல் போ.

---

மழைக்காடன்:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நிலத்து மேல் கடன் வேண்டாம். கேட்டியேயில் முதுகலை, ஸியுடாட் கோலோனில் ஐ.நா. அமைதிப் பல்கலைக்கழகம், லா செல்வாவை நடத்தும் வெப்பமண்டல ஆய்வு அமைப்பின் குறுகிய படிப்புகள் என்று வேறு வாசல்களும் அங்கே உண்டு. எல்லாவற்றிலும் உதவித்தொகையைப் பற்றித்தான் முதல் கேள்வி கேள். உன் பல்கலைக்கழகம் இந்தச் செமஸ்டருக்கு மதிப்பெண் ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கு. இங்கே வாய்ச்சொல்லை நம்பிப் போய், திரும்பி வந்து ஒரு வருஷம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஊர்க்காரர்களைச் சந்திக்க ஒரு நேர்வழி இருக்கிறது. கிராமங்களில் குடிநீரை அரசே நேராகக் கொடுப்பதில்லை, பெரும்பாலும் அசாதா என்ற ஊர்க் குடிநீர்ச் சங்கம் நடத்துகிறது. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஊற்றுக்கண்ணைப் பார்க்கப் போவது, குழாய் உடைந்தால் ஆள் விடுவது, கட்டணம் வாங்குவது எல்லாம் ஊரார்தான். நம் குடிமராமத்தைக் கேட்டு வளர்ந்த பெண் நீ, அவர்களோடு பேச உனக்கு விஷயம் இருக்கும். நிகழ்ச்சி நடத்துபவர் ஏற்பாடு செய்யாவிட்டாலும், வார இறுதியில் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போய் உட்காரலாம். கையில் கேள்வித்தாளோடு போகாதே. முதல் கூட்டத்தில் கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

இன்னொன்று முக்கியம்: விதை, இலை, மண், பூச்சி எதையும் அனுமதி இல்லாமல் பைக்குள் போடாதே. 1998ஆம் ஆண்டின் உயிரினவளச் சட்டம் அங்கே கடுமையானது. இங்கே விமான நிலையத்திலும் மாட்டுவாய்.

---

ஆனைமலைச்சோலை:

வெண்ணாற்றங்கரை, ஒரு வருஷம் தள்ளிப்போனா ஜூன்ல இங்க வாங்க. நடவுக் காலம். தங்க இடமும் சாப்பாடும் பார்த்துக்கலாம், அட்டைக்கு மட்டும் உப்புப் பொட்டலம் எடுத்துட்டு வந்துருங்க. முந்தின வருஷங்கள்ல நட்ட துண்டுகள்ல கன்னு பிழைச்ச கணக்கு எடுக்கவும் ஆள் வேணும். அந்த முறையைக் கத்துக்கிட்டுப் போனா குவானகாஸ்டேயில நீங்க என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

---

வெண்ணாற்றங்கரை:

இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாத்தித் தரச் சம்மதிச்சுட்டாங்க! உதவித்தொகைக்கும் மறுபடி விண்ணப்பிக்கலாம்னு எழுதியிருக்காங்க. அப்பாகிட்ட கடன் பேச்சை நிறுத்தியாச்சு. சோலை அண்ணா, ஜூன்ல கட்டாயம் வர்றேன். தர்ஷி அக்கா, ஸ்பானிஷ் எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்களேன், இங்க பக்கத்துல சொல்லித்தர்றவங்க யாரும் இல்ல.

---

ஸ்கார்பரோ தர்ஷி:

இலக்கணப் புத்தகத்தைப் பிறகு பாப்பம். முதல்ல காணி, தண்ணி, மழை, விலை, கூலி, பட்டா இந்தச் சொல்லுகளும் கேள்வி கேக்கிற விதமும். என்னோட படிச்ச ஒரு கோஸ்டா ரிக்காப் பிள்ளை தமிழ் படிக்க ஆசைப்படுறா, அவவோட உங்களைச் சேர்த்து விடுறன். சனிக்கிழமை உங்கட பின்னேரம், எங்களுக்கு விடியக்காலை. தனிமடலில நேரத்தைப் போடுங்கோ.